அம்மா கேண்டீன் வேலைக்குப் போன ஐப்பசி

அம்மா கம்பெனி கேண்டீனில் சமையல் வேலைக்குச் சேர்ந்தபோது நான் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். புரட்டாசி பிறந்த நேரம். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருமுனைக்கு விடியும் முன்பே ஒரு வேன் வரும். அம்மாவோடு இன்னும் நாலைந்து பெண்கள் அதில் ஏறிக்கொள்வார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குச் சாப்பாடு ஒப்பந்தம் எடுத்தவரிடம் அவர்களுக்கு வேலை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து விளக்குப் போட்ட பிறகுதான் அம்மா வருவாள்.

அதுவரை எங்கள் வீட்டு அடுப்பங்கரை முழுக்க முழுக்க அம்மாவுடையது. நான் வெங்காயம் உரித்துக் கொடுத்ததோடு சரி. அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்குகிறவருக்கு நேரம் காலம் கிடையாது. ஆகவே சமையல் என் தலையில் விழுந்தது.

"சோறு வடிக்கத் தெரியும் இல்ல? கொழம்பு மாரி எதனா ஒண்ணு வச்சிடு. நான் வந்து பாத்துக்கறேன்" என்றாள் அம்மா முதல் நாள்.

வந்து பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றியவள் வாசல்படியிலேயே உட்கார்ந்து சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் புடவையில் சாம்பார் வாசனை அடித்தது. ஆனால் அது எங்கள் வீட்டு சாம்பாரின் வாசனை இல்லை. யார் யாருக்கோ தாளித்த கடுகும் பெருங்காயமும், தரை கழுவுகிற பினாயிலும் கலந்த ஒரு வாசனை. எனக்கு ஏனோ கோபம் வந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அதே சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் என்னைக் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு எடுத்தார்கள். மைதானத்தில் சுற்றுகிற ஓட்டம் இல்லை அது. ஏரிக்கரை, வரப்பு, செம்மண் பாதை, சேறு என்று எது வந்தாலும் ஓடவேண்டும். பி.டி. மிஸ், "உனக்கு மூச்சு நல்லா நிக்குது. காலைல வூட்டாண்ட ஓடிப் பழகு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவின் வேன் போன பிறகு எனக்குத் தூக்கம் வராது. வீட்டில் அவள் வைத்துவிட்டுப் போன காபியின் மணம் மட்டும் இருக்கும். கதவைப் பூட்டிக்கொண்டு ஓடப் போவேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. முதல் நாள் வேன் போன பக்கமே ஓடினேன். பிறகு அதுவே பழகிவிட்டது. ஏரிக்கரை மேல் ஏறி, மதகைத் தாண்டி இறங்கினால், தொழிற்பேட்டைக்காகப் போட்ட அகலமான சாலை வரும். இரண்டு பக்கமும் இன்னும் ஒரு கட்டடமும் எழும்பவில்லை. விளக்குகள் மட்டும் எரியும். சாலை நடுவே மாடுகள் படுத்திருக்கும். அந்தச் சாலையின் கோடிவரை போய், தூரத்தில் தெரியும் தொழிற்சாலைக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அம்மா அந்தக் கூரைக்கு அடியில்தான் இருந்தாளா என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. அங்கே எத்தனையோ கூரைகள்.

எங்கள் மாடியில் தகரம் போட்ட அறையை வாடகைக்கு விட்டிருந்தோம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா அங்கே இருந்தாள். போன் தயாரிக்கிற கம்பெனியில் லைனில் வேலை. நைட் ஷிப்டு முடிந்து அவளுடைய பஸ் வந்து நிற்கிற நேரமும் நான் ஓடித் திரும்புகிற நேரமும் ஒன்றாக இருக்கும்.

"ஏட்டி, நாய் வெரட்டுதா? எதுக்கு இப்படி ஓடுதே?" என்று தினமும் ஒரே கேள்வியைக் கேட்பாள். கண்கள் சிவந்திருந்தாலும் சிரிப்பாள்.

அம்மாவுக்கு வார விடுமுறை கிடைத்த முதல் ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் சனிக்கிழமையே சொல்லி வைத்திருந்தேன், கத்தரிக்காய்க் காரக்குழம்பு வேண்டுமென்று. ஒரு மாதமாக நான் அதை வைத்துப் பார்த்துத் தோற்றிருந்தேன். புளி எவ்வளவு, தூள் எவ்வளவு என்று கேட்டால், "அளவு கேட்டா இன்னான்னு சொல்றது? கை போடும்" என்பாள்.

அன்று அம்மா குளித்து, கூந்தலை முடிந்துகொண்டு அடுப்பின் முன் நின்றாள். நான் அவள் பின்னாலேயே நின்றேன். எண்ணெய் காய்ந்தது, வெந்தயம் பொரிந்தது. எல்லாம் பழைய மாதிரியே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா முதல் வாய் வைத்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி பிசைந்தார். நானும் ஒரு வாய் எடுத்து வைத்தேன். உப்புக் கரித்தது. வெறும் உப்பு இல்லை, எல்லாமே அதிகம். சட்டியில் குழம்பும் பத்துப் பேருக்கு ஆகும் அளவு இருந்தது.

அம்மா கடைசியாகச் சாப்பிட்டாள். ஒரு வாயோடு நிறுத்தினாள்.

"அண்டாவுக்குப் போட்டுப் போட்டு கை மாறிப்போச்சு" என்றாள். தன் வலது கையை, வேறு யாருடையதோ போலப் பார்த்தாள்.

"நல்லாதாம்மா கீது" என்றேன்.

"பொய் சொல்லாத. தண்ணிய ஊத்திக் கொதிக்க வை" என்று எழுந்துவிட்டாள்.

அந்த மதியம் அவள் தூங்கும்போது அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துடுப்புப் போட்டுக் கிளறியதில் உள்ளங்கை காய்த்திருந்தது. அவள் வீட்டிலேயே இருந்தும் அவளுக்காக நான் ஏங்கிய நாள் அது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு முதல் நாளே அப்பா கிளம்பிவிட்டார். ஊருக்குப் போகிற கம்பெனி ஆட்களைத் திருநெல்வேலி வரை கொண்டுபோய் விடும் ஸ்பெஷல் வண்டி அவருக்கு. அம்மாவின் கேண்டீனில் பாதிப் பேர் லீவு. தொழிற்சாலையிலோ ஒரு லைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வந்தே தீரவேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

தீபாவளியன்று இருட்டிலேயே அம்மா என்னை எழுப்பினாள். மணையில் உட்காரவைத்து உச்சந்தலையில் எண்ணெய் வைத்தாள். அவள் விரல்கள் என் தலையில் நிதானமாகத்தான் போயின. "கண்ண மூடிக்கோ" என்று சீயக்காயைக் கரைத்துத் தேய்க்க ஆரம்பித்தபோது தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"அரை நாள்ல வந்துடுவேன். கறி வாங்கி மட்டும் வை. நான் வந்து ஆக்கறேன்" என்று கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு ஓடினாள். நான் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டபிறகு தடவிச் செம்பை எடுத்து நானே தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

கறி வாங்கி வந்தேன். இட்லி ஊற்றினேன். பத்து மணிக்கு மேல், கூட வேலை செய்யும் ஒருத்தியின் போனிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"ஆளே வரல பாப்பா. சாயங்காலம்தான் வுடுவாங்க போலக் கீது. நீயே எதனா செஞ்சு சாப்டு."

"நீ சாப்ட்டியா?"

"இங்க இல்லாத சோறா?" என்று சிரித்தாள். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம். வைத்துவிட்டாள்.

மாடி அக்கா இறங்கி வந்தாள். அவள் கிறிஸ்தவப் பெண். கூட வேலை செய்கிறவர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போகட்டும் என்று தன் லீவைக் கிறிஸ்துமஸுக்குத் தள்ளி வைத்திருந்தாள். கறிப் பாத்திரத்தையும் என்னையும் பார்த்தாள்.

"என்னட்டி, நல்ல நாளும் அதுவுமா மூஞ்சிய இப்படி வச்சிருக்கே? வா, நாம வைப்போம்."

நான் அம்மா வைக்கிற மாதிரி வைக்கவேண்டும் என்றேன். அவள் தேங்காயைத் துருவ ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் கறிக்குழம்புக்குத் தேங்காய் போடமாட்டார்கள்.

"தேங்கா இல்லாம கறிக்கொழம்பா? கேட்டா எங்க அம்மா சிரிப்பாவ" என்றாள்.

"எங்கம்மா போடமாட்டாங்க."

"உங்கம்மா வரட்டும், நான் சொல்லுதேன்."

கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். கடைசியில் பாதித் தேங்காய்க்கு இறங்கி வந்தாள். விசில் அடங்கி மூடியைத் திறந்தபோது அவள் குனிந்து வாசனை பிடித்தாள். "எங்க வீட்டுல இந்நேரம் சாப்பிட உக்காந்துருப்பாவ" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு இட்லி இறங்கவில்லை. அம்மா எங்கேயோ நின்றுகொண்டு கேண்டீன் சோற்றை விழுங்குவாள் என்ற எண்ணமே வந்துகொண்டிருந்தது. எழுந்து டிபன் பாக்ஸில் இட்லியை அடுக்கினேன். தூக்கில் குழம்பை ஊற்றி, மூடியைத் துணியால் கட்டினேன்.

"பஸ்ஸும் இல்ல, ஆட்டோவும் இல்ல. எப்படிட்டிப் போவே?"

"ஓடித்தான்."

மழை விட்டிருந்தது. பள்ளிப் பையிலிருந்த புத்தகங்களைக் கொட்டி, பாத்திரங்களை அதில் வைத்து, பையை முதுகில் மாட்டாமல் மார்போடு கட்டிக்கொண்டேன். ஏரிக்கரை வழுக்கியது. ஏரி நிரம்பிக் கலங்கலாகக் கிடந்தது. ஊருக்குள் வெடிச் சத்தம் கேட்டது; கரைமேல் என்னைத் தவிர ஒரு ஆள் இல்லை. வேகமாக ஓடினால் குழம்பு சிந்தும், மெதுவாக ஓடினால் ஆறிவிடும். ஒரு கையால் பையைத் தாங்கிக்கொண்டு, தோள் அசையாமல் ஓடினேன். குழம்பின் சூடு பையைத் தாண்டி நெஞ்சில் தெரிந்தது. அன்று சாலையின் கோடியில் நான் திரும்பவில்லை. அதற்கப்பால் விசாரித்து விசாரித்துப் போனேன்.

வாசலில் இருந்த செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. ஆனால் போன் போட்டுச் சொன்னார். பஸ் நிறுத்தத்துக் கூரைக்கு அடியில் நின்றேன். வெகு நேரம் கழித்து அம்மா வந்தாள். தலையில் வலைத்தொப்பி, இடுப்பில் ஈர ஏப்ரன், காலில் ரப்பர் பூட்ஸ். அவள்தான் என்று புரிய ஒரு கணம் ஆனது.

"இன்னாடி ஆச்சு? அப்பாவுக்கு எதனா...?"

"ஒண்ணும் இல்லமா. சோறு எடுத்துகினு வந்தேன்."

"எதுல வந்தே?"

அம்மா என் முட்டிவரை இருந்த சேற்றைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அங்கேயே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

குழம்பு கொஞ்சம் சிந்தியிருந்தது. இட்லியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. பிட்டு, குழம்பில் தோய்த்து வாயில் வைத்தாள்.

"தேங்கா போட்டியா?"

"மாடி அக்காதான் போட்டாங்க."

"இது நம்ம வூட்டுக் கொழம்பே இல்ல" என்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். பிறகு நிறுத்தாமல் சாப்பிட்டாள். பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ஒருத்தர் ஆக்கிப் போட்டு நான் தின்னு எத்தினி நாளாச்சு" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் ஏப்ரன் பையிலிருந்து, கேண்டீனில் கொடுத்த லட்டுப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "மெதுவா போ. ஓடாத" என்றாள். கேட்டைத் தாண்டிப் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மாவட்ட அளவிலான ஓட்டம், மழையால் தள்ளிப்போய்க் கார்த்திகையில் வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏரியைச் சுற்றி நடந்தது. அம்மா வருவதாகச் சொல்லியிருந்தாள். புடவைகூட எடுத்து வைத்திருந்தாள். லீவு கிடைக்கவில்லை.

சேற்றில் ஷூ கனத்தது. பாதி வழியில் கழற்றி மிஸ்ஸிடம் எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். மதகு திரும்புகிற இடத்தில் மூச்சு முட்டியது. நின்றுவிடலாம் போல இருந்தது. அப்போது கரைமேலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"வாடி பாப்பா, வாடி. வந்துட்ட, வந்துட்ட. வா!"

எனக்குப் பின்னால் வந்த பெண்ணின் அம்மா அவள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் குரலை நோக்கியே ஓடினேன். அவளைக் கடந்து போகும்வரை அது என்னைக் கூப்பிட்டது என்றே வைத்துக்கொண்டேன். கடந்த பிறகு கண்ணில் தண்ணீர் நின்றது. துடைக்காமல் ஓடினேன்.

நான்காவதாக வந்தேன். மாநிலப் போட்டிக்கு எடுத்தார்கள். அதில் எங்கேயோ பின்னால் வந்தேன். கல்லூரியிலும் சில வருடங்கள் ஓடினேன். பிறகு வேலை கிடைத்து ஓசூருக்கு வந்துவிட்டேன். மாடி அக்கா அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவள், கல்யாணம் நிச்சயமாகிச் சாமான் எடுக்க மட்டும் வந்தாள். அம்மா இன்னும் அந்தக் கேண்டீனில்தான் இருக்கிறாள்.

வாலாஜாபாத்திலிருந்து வந்த அன்று சாயங்காலம் அம்மாவுக்காக வாசல்படியில் காத்திருந்தேன். வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆரம்பத்துலேர்ந்து சொல்லு" என்றாள். சொன்னேன். விசில் ஊதியது, எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு ஓடியது, ஷூவைக் கழற்றி எறிந்தது. "அப்புறம்?" என்றாள். மதகு வரைக்கும் வந்திருந்தேன். தோளில் கனம் இறங்கியது. திரும்பிப் பார்த்தால், வாய் லேசாகத் திறந்திருக்க, அம்மா தூங்கிவிட்டிருந்தாள்.

எழுப்ப மனம் வரவில்லை. அசையாமல் உட்கார்ந்து, மீதியையும் அவளுக்குக் கேட்காத குரலில் சொல்லி முடித்தேன்.