நாலு விரல் கம்மி

எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய நாற்காலி, மேசை, கட்டில் எதுவும் கிடையாது. எல்லாம் என் வீட்டுக்காரர் கையால் செய்தவை. கப்பலூரில் இரும்புக் கேட்டும் கிரில்லும் அடிக்கிற பட்டறை ஒன்றில் தலை நரைக்கும் வரை வெல்டிங் வேலை பார்த்தவர் அவர். வேலையை விட்டு வந்த பிறகு, கீழக்குயில்குடி போகிற வழியில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்பக்கம் தகரம் போட்டுச் சொந்தமாக ஒரு பட்டறை ஆக்கிக்கொண்டார். வீடு இடித்த சாமான் விற்கிற கடைகளுக்குப் போய் ஜன்னல், நிலை, உத்தரம் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வருவார். எடைக்குப் போட்ட பஸ்ஸின் சீட்டு, தையல் மிஷின் கால், தண்ணீர்க் குழாய், லாரித் தளத்துப் பலகை, எது கிடைத்தாலும் விடமாட்டார். வருகிறவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இந்த மாதிரி கடையில கிடைக்காதுண்ணே" என்பார்கள். அது உண்மை. அவர் வேலை சுத்தமானது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அவருக்கு ஒரு முறை உண்டு. நாற்காலி செய்வதென்றால், அதில் உட்காரப் போகிறவரை நிற்க வைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை சணல் கயிறு பிடித்து அளவெடுப்பார்.

"சட்டைக்கு அளவு எடுக்கிறீக, செருப்புக்கு அளவு பாக்குறீக. நாள் பூரா ஒக்கார்ற நாக்காலிக்கு வேணாமா?" என்று கேட்பார்.

பேரையூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகளுக்கு எடுத்தார். மருமகனுக்கு எடுத்தார். தன் தங்கைக்கு எடுத்தார். தண்ணீர் கேன் போட வருகிறவருக்குக்கூட எடுத்தார். எனக்கு எடுத்ததில்லை. நான் தரையில் உட்காருகிறவள். என் வேலை பிடிப்பது. அவர் குழாய் அறுக்கும்போது மறுமுனையை ஆடாமல் நான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆடினால் சுத்தியல் பிடியால் விரலில் ஒரு தட்டு விழும்.

என் இரண்டு முழங்காலும் போய்விட்டன. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "இனிமே கீழ உக்காரவே கூடாதும்மா. உயரமான சேர்ல உக்காருங்க, அப்பதான் நீங்களா எந்திரிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் உடனே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து போட்டாள். அவள் பஸ் ஏறியதும் இவர் அதை எடுத்து, உட்காருகிற இடத்தை வட்டமாக அறுத்துவிட்டு, பின்பக்கம் தண்ணீர்க் குடம் வைக்கிற ஸ்டாண்டாக ஆக்கிவிட்டார்.

"கல்யாண மண்டபத்துல போடுறதெல்லாம் என் வீட்டுக்குள்ள வரப்படாது" என்றார்.

எனக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. வாய் வராது. அன்றைக்கு எப்படியோ கேட்டுவிட்டேன்.

"ஏங்க, நீங்களே எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்களேன். எந்திரிக்க முடியல."

"செஞ்சுட்டாப் போச்சு" என்றார். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் என் கட்டிலைப் பிரித்தார். அது என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில். கால் நான்கும் கடைசல் பிடித்தது, நுனி பம்பரம் மாதிரி சிறுத்து இறங்கும். நான் முழங்காலைச் சேலையால் சுற்றிக் கட்டிக்கொண்டு பட்டறை வாசலில் நின்றேன், கயிறு பிடிக்கக் கூப்பிடுவார் என்று. அவர் கயிற்றையே எடுக்கவில்லை. தான் உட்காருகிற இரும்பு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். தண்ணீர்க் குழாயில் கால் வைத்து, பஸ் சீட்டு பொருத்தி, பச்சைப் பெயின்ட் அடித்தது அது. அதன் பக்கத்தில் என் கட்டில் காலை நிறுத்தினார். சீட்டு மட்டத்திலிருந்து கீழே தன் நாலு விரலைச் சேர்த்து வைத்து, அதற்கும் கீழே சாக்பீஸால் கோடு போட்டார்.

"எனக்கு அளவு எடுக்கலீங்களா?"

"ஒன் அளவு எனக்குத் தெரியும்" என்றார். "புருசன் ஒக்கார்ற மட்டத்துக்குப் பொண்டாட்டி ஒக்கார்றதா? நாலு விரல் கம்மியா இருக்கணும். அளவோட இருந்தாத்தான் அழகு."

நாற்காலிக்குக் கை வைக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். கை வைத்த நாற்காலி சோம்பேறிக்காம். அவருடையதற்கும் கை கிடையாது.

நாற்காலி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். இவர் நாற்காலியை நடுவீட்டில் கொண்டுவந்து போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாலிஷில் முகம் தெரிந்தது.

"ஒக்காரு. ஒக்காந்து காட்டு" என்றார்.

உட்கார்ந்தேன். முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது போலிருந்தது.

"அடேயப்பா! மதினிக்கு வந்த வாழ்வப் பாரேன், தேக்குல ஒக்காந்துட்டாக!" என்று நாத்தனார் கை தட்டினாள்.

"சரி, போய்க் காப்பியப் போடு" என்றார் இவர்.

எழப் பார்த்தேன், முடியவில்லை. மறுபடி முயன்றேன். பிடிக்க எதுவும் இல்லை. முழங்காலுக்குள் உடைந்த கண்ணாடி அரைபடுகிற மாதிரி வலி.

"என்ன மதினி, நாக்காலி அம்புட்டு வசதியா இருக்கோ? எந்திரிக்க மனசு வல்லியோ?"

அவள் வீட்டுக்காரர் பாவம், கை நீட்டிக்கொண்டு வந்தார். இவர் தடுத்துவிட்டார்.

"மாப்ள, யாரும் தொடாதீக. எந்திரிக்கிறாளா இல்லையான்னு பாப்போம். நடிப்பு."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கவாட்டில் சரிந்து தரையில் விழுந்து, கையை ஊன்றித் தவழ்ந்து, கதவு நிலையைப் பிடித்து ஏறி நின்றேன். சேலை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அதை இறக்கிவிட்டுக்கொள்ள ஒரு கை இல்லை.

"பாத்தியா, எந்திரிச்சிட்டா. மூட்டுவலியாம், மூட்டுவலி" என்றார் இவர்.

நாத்தனார் புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தாள். நான் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டே, "சீனி கம்மி" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த நாற்காலியில்தான் நான் உட்கார வேண்டும் என்று ஆகிவிட்டது. நின்றுகொண்டிருந்தால், "செஞ்சு குடுத்தது எதுக்கு?" என்று கேட்பார். ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டால் கம்பியைப் பிடித்தாவது எழலாம். அதை மறுபடி நடுவீட்டுக்கு இழுத்துவந்துவிடுவார். நான் எழ முயலும்போது பட்டறை வேலையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நிற்பார். டிவி பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

ஒரு நாள் எனக்கு அவசரம். கூப்பிட்டேன். "வாரேன், வாரேன்" என்று பட்டறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. வெகு நேரம் அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. சேலையிலேயே போய்விட்டது. பிறகுதான் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தார்.

"அடிப்பாவி! தேக்குடி! ஊறிப்போச்சுன்னா பாலிஷு பூரா வெளுத்துப் போகுமேடி!"

என்னை அக்குளில் பிடித்துத் தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டு, தன் தோள் துண்டை எடுத்து மரத்தைத் துடைத்தார். பலகை இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாதென்று விரலில் துணியைச் சுற்றி இடுக்கு இடுக்காகத் துடைத்தார். நான் அந்த ஈரச் சேலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ ஒன்று செத்தது. பயமாக இருக்கலாம்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் பட்டறையில் அடுக்கி வைத்திருந்த உத்தரங்களின் மேல் ஏறி, வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிசியோ தம்பி அவருடைய பச்சை நாற்காலியைத் தட்டிப் பார்த்து, "இந்த உயரம் கரெக்ட் ஐயா. இதுல உக்காந்தா வாக்கரப் புடிச்சு நீங்களா எந்திரிச்சிரலாம். இதுக்குக் கீழ மட்டும் உக்காராதீங்க, சிரமம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? என் அளவு. நான் எடுத்த அளவு."

அதில் உட்கார்ந்துகொண்டு என்னை ஆட்டினார். தண்ணீர் கொண்டு வா, ஃபேனைக் குறை, ஈ உட்காருது விரட்டு. ஓடி ஓடி நான் ஒரு கணம் சுவரில் சாய்ந்தால், எதிரே கிடக்கிற என் நாற்காலியை வாக்கரால் தட்டிக் காட்டி, "ஒன் இடத்துல ஒக்காரு" என்பார். உட்காருவேன். உடனே, "தண்ணி" என்பார். தன் இடுப்பு உடைந்த பிறகும் அந்த வேடிக்கை அவருக்குச் சலிக்கவில்லை.

எக்ஸ்ரே எடுக்க மருமகன் ஆட்டோ வைத்து அவரை மதுரைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அங்கே எப்போதும் கூட்டம். மதியம் தாண்டும் என்று எனக்குத் தெரியும்.

பச்சை நாற்காலியை அவர் கட்டிலின் மேல் சாய்த்துப் போட்டேன். கால்கள் நான்கும் என் இடுப்பு மட்டத்துக்கு வந்தன. நின்றபடியே அறுக்கலாம். இரும்பு அறுக்கிற ஆக்சாவில் புது பிளேடு ஒன்றை மாட்டினேன். இத்தனை வருசம் மறுமுனையைப் பிடித்தவளுக்கு அறுக்கத் தெரியாதா? அழுத்தக் கூடாது, பிளேடை அதன் போக்கில் விட வேண்டும், நடுவில் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய். என் நாலு விரலை வைத்துத்தான் கோடு போட்டேன். என் விரல் சன்னம். அந்த வகையில் அவருக்கு லாபம்.

அறுத்த துண்டுகள் ஒவ்வொன்றும் அடியில் ரப்பர் புஷ்ஷோடு வந்தன. என் நாற்காலியைக் கவிழ்த்து, கால் நுனிகளில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி, அந்தத் துண்டுகளை மாட்டிச் சுத்தியலால் தட்டினேன். பம்பர நுனி குழாய்க்குள் சிறிது இறங்கி இறுகிக்கொண்டது. நிமிர்த்தி உட்கார்ந்து பார்த்தேன். பாதம் தரையில் பதிந்தது. எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். வலி இருந்தது. ஆனால் யாரும் தேவைப்படவில்லை. இரும்புத் தூளைக் கூட்டி அள்ளிவிட்டு ரசம் வைத்தேன்.

மருமகன் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார். கடைசி நாலு விரலுக்கு அவர் தொப்பென்று விழுந்தார். இரும்பு சிமெண்டில் கீச்சென்று உரசியது.

"என்ன மாமா, சீட்டு பதிஞ்சு போச்சா?" என்றார் மருமகன்.

இவர் கையைக் கீழே விட்டுக் குழாயின் நுனியைத் தடவினார். அறுத்த வாய் புதியது என்று அந்த விரல்களுக்குத் தெரியாமல் போகுமா? பிறகு என் நாற்காலியைப் பார்த்தார். தேக்குக் காலுக்குக் கீழே பச்சைப் பெயின்ட். நான் அதில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். என் தலை அவர் தலைக்கு மேலே இருந்தது.

"ஒண்ணுமில்ல மாப்ள. நீங்க கெளம்புங்க, பேரையூர் பஸ்ஸு போயிரும்" என்றார்.

மருமகன் போனபின் வாக்கரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். உடம்பு வரவில்லை.

"ஏய். வந்து கையக் குடு."

"பூண்ட உரிச்சிட்டு வாரேன்" என்றேன்.

"என்னடி செஞ்சு வச்சிருக்க?"

"அளவு சரியாத்தான் இருக்கு."

நாற்காலியை அறுத்ததை அவர் இன்று வரை மகளிடம் சொல்லவில்லை, தங்கையிடம் சொல்லவில்லை. நாலு விரல் சேர்த்து வெல்டு வைக்கக் கப்பலூர் ஆட்கள் யாரையாவது கூப்பிடலாம். யார் அறுத்தது என்று அவர்கள் கேட்பார்கள். பொண்டாட்டி என்று அவரால் சொல்ல முடியாது.

காலையில் அதில்தான் உட்காருகிறார். கூப்பிடுவார். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் போய் அக்குளில் பிடித்துத் தூக்கி விடுகிறேன். சில நாள் கொஞ்சம் தாமதமாகிவிடும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. அது பஸ் சீட்டு ரெக்சின். நனைந்தாலும் ஊறாது.