மண்ணுக்குள் வைத்த வெள்ளி

போடியில் பழைய பேப்பர் கடையில் அந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடைக்குத்தான் வாங்கினேன். மலைமேல் ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது மூட்டையில் வந்தது. அட்டையைக் கரையான் தின்றிருந்தது. கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள் நான். பிள்ளை போன வீட்டில் பொழுது நகர வேண்டுமே என்று வாங்கினேன்.

மகள் போனது எழுபதுகளின் நடுவில். எங்கள் ஏலத்தோட்டம் போடிமெட்டுக்குக் கீழே சரிவில் இருந்தது. அவளுக்கு ஒன்றரை வயது. காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. ஜீப் பிடித்து இறங்கினோம். கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு வழியை அடைத்துவிட்டது. அதை நகர்த்தி முடிப்பதற்குள் என் மடியிலேயே அடங்கிப்போனாள். காலில் என் அண்ணன் போட்ட வெள்ளிக் கொலுசு. மிச்ச மலை முழுக்க, ஜீப் குலுங்கிய போதெல்லாம் அது சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

ராசிங்காபுரத்தில் மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோனோம். எங்களில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். பெண்கள் கூடப் போகக் கூடாது. தூக்குவதற்கு முன் மாமியார் கொலுசைக் கழற்றினார்.

“வேணாம் அத்தை, அவ காலோடயே போகட்டும்” என்றேன்.

“வெள்ளிய மண்ணுக்குள்ள போட்டு யாருக்கு ஆத்தா ஆகப்போகுது? அடுத்த பிள்ளைக்கு இருக்கட்டும்.”

கெட்ட மனுஷி இல்லை அவர். அழுதுகொண்டேதான் கழற்றினார். நான்தான் அன்றைக்கு அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த பிள்ளை பிறக்கவில்லை. ஓரகத்திக்குப் பெண் பிறந்தது. பொங்கலுக்குப் போனபோது அந்தப் பிள்ளை அதே கொலுசைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடியது. நான் கிணற்றடிக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினேன். கணவரிடம் மகளைப் புதைத்த இடத்தைக் கேட்டேன். “ஓடைக்கரையிலதான். வெள்ளம் வந்து கரையே மாறிப்போச்சு. இப்ப அதெல்லாம் எதுக்கு?” என்றார். எதுக்காம்.

அப்புறந்தான் இந்தப் புத்தகம் வந்தது. ஐரோப்பாவின் வடகோடியில் கப்பலேறித் திரிந்த நார்ஸ் மக்களைப் பற்றியது. அவர்களுக்கு வெள்ளி என்றால் உயிர். தூர தேசத்துக் காசுகளை உருக்கி வளையம் செய்வார்களாம். தலைவன் தன் ஆளுக்கு வெள்ளிக் காப்பு போட்டுவிட்டால், அது சாகிற வரைக்குமான பந்தம். அதே காப்பை அவசரத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி எடை போட்டுக் கொடுப்பதும் உண்டு. அவர்களுடைய ஒற்றைக்கண் கடவுளுக்கு வெள்ளிக் கூரை போட்ட மண்டபம் ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்து உலகம் பூராவையும் பார்ப்பானாம். பார்த்து என்ன, வளைவில் நின்ற லாரியை நகர்த்த அவனாலும் முடியவில்லை.

ஆனால் அவன் போட்ட சட்டம் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் தன் கையால் மண்ணில் புதைத்தது எதுவோ, அது செத்த பிறகு அவருக்கே கிடைக்குமாம். அதனால் வெள்ளியைக் குடங்குடமாகப் புதைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு படம்: முறுக்கு வளையங்களும் வெட்டின துண்டுகளும். ஏதோ விவசாயி உழும்போது கிடைத்ததாம்.

நான் சாமி கும்பிடுவதையே விட்டிருந்தவள். அந்நியக் கடவுளை நம்புவேனா? நம்பினேன். வேறு யாரும் எனக்கு ஒன்றும் தருவதாகச் சொல்லவில்லையே. ஓரகத்தி மகளுக்குக் கால் வளர்ந்து கொலுசு திரும்பி வந்ததும், மகளின் பழைய கவுன் துணியில் முடிந்து, தோட்டத்தில் பலாமரத்தடியில் நானே குழி தோண்டிப் புதைத்தேன். எங்கே புதைத்தாலும் எனக்கு வரும். நான் கொண்டுபோய் அவள் காலில் போடுவேன். சில வருஷங்கள் அந்த நினைப்பில் ஓடின.

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். புதுச்செடி நடக் குழி போட்டுக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் மேட்டிலிருந்து ஓடி வந்தாள்.

“யக்கா, பலாமரத்துக்குப் பக்கத்துல கெடந்துச்சு. யாரோ பாப்பாவோட கொலுசு. நல்லவேளை, என் கையில கெடச்சுச்சு!”

கறுத்துப்போன ஒற்றைக் கொலுசு. துணி மக்கிவிட்டிருந்தது. படத்தில் பார்த்த வெள்ளி அப்போதுதான் எனக்கு உறைத்தது. உழுதவன் கைக்கு அது வந்ததென்றால், புதைத்தவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒருத்தனும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. சரித்திரம் நடத்தியவளுக்கு இது தெரியாமல் போனது.

“இன்னொண்ணு?” என்று கேட்டேன்.

“காணோம்க்கா. இது மட்டுந்தான்.”

அவளை வேறு சோலிக்கு அனுப்பிவிட்டு மரத்தடிக்கு ஓடினேன். ஒன்று இல்லையென்றால், அந்த ஒன்றை மகளே வந்து எடுத்துக்கொண்டாள் என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரு காலிலாவது அவளுக்குச் சத்தம் இருக்கும். ஈரமண்ணைக் கையாலேயே கிளறினேன். கிடைக்கக் கூடாது, கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே கிளறினேன்.

வேருக்கு அடியில் கிடைத்துவிட்டது.