பெண் வீட்டுப் பக்கம்

எழுத்துரு வரைகிறவள் என்று இப்போது என்னைச் சொல்லிக்கொள்கிறேன். முன்பு மைசூர் மண்டி மொஹல்லாவில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். அந்த மை வாசனையை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. முதலாளியின் சிடுசிடுப்பைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

தமிழர்கள் வாழும் மார்டள்ளி கிராமத்திலிருந்து ஒரு விவசாயி, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். மாப்பிள்ளை வீடு மைசூரில், கன்னடக்காரர்கள். இப்படிப்பட்ட சம்பந்தத்துக்கு எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம்: இடப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார் கன்னடத்தில் அழைப்பார்கள், வலப்பக்கம் பெண் வீட்டார் தமிழில். இரண்டு வீடும் மாதிரியைப் பார்த்துத் தலையாட்டிய பிறகே அச்சு.

அவருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஆனாலும் இரண்டு பக்கத்தையும் வெகு நேரம் பார்த்தார்.

"அம்மிணி, அவங்க பேரு நல்லாப் புஷ்டியா இருக்குது. எங்க பேரு ஏனுங்க பட்டினி கெடந்தாப்பல இருக்குது?"

இரண்டும் ஒரே அளவுதான் என்று கம்ப்யூட்டரைக் காட்டி வாதாடினேன். எண் ஒன்றுதான். ஆனால் கன்னட எழுத்தை ஒருவர் வரைந்திருந்தார், தமிழை வேறு யாரோ. இவை பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் என்று இருவருமே நினைத்திருக்க மாட்டார்கள். அவர் கண் சொன்னதே சரி. அதை ஒப்புக்கொள்ளாமல், பெரிய மேதாவி போலத் தமிழை மட்டும் பெரிதாக்கித் தடிக்கவைத்துக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் அதே தாளோடு திரும்பி வந்தார். பெண் வீட்டார் பெயர் எங்களைவிடப் பெரிதா என்று சம்பந்தி வீட்டில் கேட்டுவிட்டார்களாம். தப்பு என்னுடையது, நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க. பழையபடியே போட்டுருங்க. புள்ள அங்க போயி வாழோணும்."

எனக்கு அழுகை வந்தது, என் மேலேயே கோபமும் வந்தது. அந்தக் கோபத்தில்தான் கன்னடமும் தமிழும் சரிசமமாக நிற்கும் ஓர் எழுத்துருக் குடும்பத்தை வரைய ஆரம்பித்தேன். நூலிழை போன்ற மெலிவிலிருந்து கடைப் பலகைத் தடிமன் வரை ஒன்பது படிகள். பல வருட வேலை. இன்று அது மருந்துக் கடையில், ஓட்டல் மெனுவில், கைபேசியில் எல்லாம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகளிலும் இருக்கிறது. பார்க்கும்போது பெருமையாக இருக்கும், உடனே அவர் ஞாபகம் வந்துவிடும்.

அன்று அவர் கேட்டபடியே மெலிந்த எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தோம். கட்டைப் பிரித்து, குலசாமிக்கு ஒன்றை எடுத்துவைத்துவிட்டு, அடுத்த பத்திரிகையை இரண்டு கையாலும் எனக்கு நீட்டினார். கட்டாயம் வர வேண்டும் என்றார்.

நான் போகவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் எப்படி நிற்கிறார் என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.