சொம்பில் சாய்ந்த அப்பா

பத்தாம் வகுப்பு முழுக்க அப்பா என் எதிரில் ஒரு சொம்பின் மேல் சாய்ந்துகொண்டிருந்தார். அவருக்குத் துபாயில் கட்டட வேலை. அங்கே நான்கு மணிக்கு ரூமுக்கு வந்துவிடுவார். ஆவுடையார்கோவில் பக்கத்தில் எங்கள் வீட்டில் அப்போது ஐந்தரை. போன் அடிக்கும். வீடியோவை ஆன் செய்து, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, ஏழரை வரைக்கும் நான் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். "பேச வேணாம் தாயி, நீ பாட்டுக்குப் படி. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தான் எழுந்து போனதால்தான் பிழைப்பு இப்படி ஆகிவிட்டது என்று நம்பினார்.

பள்ளியில் என்னைக் கோ-கோ டீமில் சேர்த்திருந்தார்கள். நான் ஓட ஆரம்பித்தால் எவளாலும் தொட முடியாது. இதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது. பிராக்டீஸ் ஐந்திலிருந்து ஆறரை வரை. விளையாட்டு டீச்சர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். "திங்கக்கெழமையும் வரலைன்னா வேற பிள்ளையப் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் கேட்டேன். "குளிக்கக்கூடச் செய்யாம ஒன் மொகத்தப் பாக்க ஓடியாராரு. அவருகிட்டப் போயி இதையா கேப்ப?" என்றாள். அம்மா முடித்தால் முடிந்தது.

அன்று சாயங்காலம் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். என் பாடமெல்லாம் இங்கிலீஷில்; அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. புதுக் குக்கரோடு வந்த சின்னப் புத்தகத்தை அறிவியல் புத்தகத்துக்குள் வைத்து, அதை ராகம் போட்டு வாசித்தேன். அப்பா தலையாட்டினார். அதோடு அவர் விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல் சத்தத்தைக் கூட்டி, ரூமில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார். அதில் ஒருவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அண்ணே, இது பாடமில்லண்ணே. குக்கர் விசிலை எப்படிக் கழுவறதுன்னு வாசிக்குது" என்றார். ரூமே சிரித்தது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்தேன்.

மறுநாள் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் பதிலுக்குக் கத்தி, டீம் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடலாம் என்று இருந்தேன். சரியாக ஐந்தரைக்குப் போன் வந்தது. அப்பா ரூமில் இல்லை. வெளியே மாடிப்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "இங்க யாரும் இல்ல தாயி. நீ படி" என்றார். அதற்கப்புறம் தினமும் மாடிப்படிதான். நான் எங்கே எழுந்திருப்பது? மடியில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தது போல இருந்தது. திங்கட்கிழமை என் இடத்தில் வேறொருத்தி ஓடினாள்.

நல்ல மார்க் வாங்கினேன். லீவில் வந்த அப்பா, எங்கள் பள்ளி டீம் கோப்பையோடு நிற்கும் போட்டோவை யார் போனிலோ பார்த்துவிட்டு வந்தார்.

"நீ நல்லா ஓடுவியே, இதுல ஏன் இல்ல?"

"சாயங்காலம் பிராக்டீஸ்ப்பா."

 "சொல்லியிருந்தா விட்டிருப்பேனே தாயி" என்றார்.

விட்டிருப்பார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. இப்போது ஆபீஸில், சீட்டை விட்டு அசையாமல் வேலை பார்ப்பவள் என்று என்னைத்தான் சொல்கிறார்கள். ஐந்தரை ஆனால் மேஜைக்கு அடியில் கால் துடிக்கிறது. எழுந்திருக்கத்தான் வரவில்லை.