ஞாயிற்றுக்கிழமை வராத அலை

என் ஆய்வு நோட்டில் சிவப்பு மையில் எழுதிய இரண்டு சொற்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன: "அலை வரவில்லை." எழுத்து என் வழிகாட்டிப் பேராசிரியருடையது. நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் இல்லாத நேரத்தில், தன்னிடமிருந்த சாவியால் ஆய்வுக்கூடத்தைத் திறந்து என் கருவியை ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

தொண்ணூறுகளின் நடுவில், திருப்பூரை ஒட்டிய ஒரு கல்லூரியில் தூசிப் பிளாஸ்மாவை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தேன். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் வாயுவை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் அது ஒளிரும், அதுதான் பிளாஸ்மா. அதில் நுண்ணிய தூளைத் தூவினால் தூளும் மின்னேற்றம் பெற்று மேகம்போல மிதக்கும். திடீரென்று அந்த மேகம் ஒரு முனையில் நெரிந்து, மெல்லிய சுவராகி, கண்ணால் பார்க்கும் வேகத்தில் நகரும். அதிர்ச்சி அலை. யாரும் தூண்டாமல் அது தானாக எழுகிறது என்பதுதான் என் கண்டுபிடிப்பு. என் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

"நேத்து ஞாயித்துக்கெழம ஓட்டுனா வரமாட்டேங்குதுங்கம்மா. ஏனுங்க அது?" என்றார் மறுநாள். மாணவியிடமும் 'ங்க' போட்டுப் பேசுகிறவர். அந்தப் பணிவே எனக்கு உறுத்தியது. எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால்கூட சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

இப்படியே மூன்று ஞாயிறுகள். திங்களன்று நான் ஓட்டினால் அலை தவறாமல் வரும். அப்படியானால் அவர் எதையோ மாற்றி வைக்கிறார், என் முடிவைப் பொய்யென்று காட்டிவிட்டுப் பிறகு தன் பெயரில் வெளியிடப் போகிறார் என்று முடிவு கட்டினேன். கல்லூரி முதல்வருக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். 'திருட்டு' என்ற சொல்லைக் கூசாமல் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு, திருப்பூர் நல்லூரில் எங்கள் வீட்டில் அம்மா கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். வாரா வாரம் இன்றைக்கே ஏன் ஆட்டுகிறாய் என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"பனியன் கம்பெனியெல்லாம் இன்னைக்கு லீவுல்ல கண்ணு. கரண்டு ஒரே சீரா வருது. மத்த நாள்ல ஏறி எறங்கி மோட்டாரே பொகஞ்சு போயிரும்."

மறுநாள் வோல்ட் மீட்டரின் முள்ளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சுற்றுவட்டாரத்தில் மெஷின்கள் ஓடுவதும் நிற்பதுமாக இருக்க, முள் அவ்வப்போது சட்டென்று குதித்தது. குதித்த ஒவ்வொரு முறையும் தூசிச் சுவர் கிளம்பியது. அலை உண்மைதான். தானாக எழவில்லை, அவ்வளவுதான். பனியன் ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஞாயிறு லீவு என்பது உறைக்கவில்லை. ஒரு மனிதர்மேல் பழி போடத் தெரிந்திருந்தது.

ஓடிப்போய்ப் புகாரைத் திரும்ப வாங்கினேன். அதற்குள் முதல்வர் அதைப் பேராசிரியரிடம் காட்டிவிட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லீங்கம்மா. காரணத்தக் கண்டுபுடிச்சுட்டீங்கல்ல, அதையே எழுதுங்க" என்றார்.

எழுதினேன், பட்டமும் கிடைத்தது. இன்று நானும் ஒரு வழிகாட்டி. மாணவர்களின் கருவியை நானும் ஓட்டிச் சோதிக்கிறேன், அவர்கள் முகம் மாறுவதையும் பார்க்கிறேன். என் பேராசிரியர் என்மேல் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. ஆனால் நான் அங்கே இருந்த மீதி ஓராண்டும், தன் சொந்த ஆய்வுக்கூடத்துக்குள் கதவைத் தட்டிவிட்டுத்தான் வந்தார்.