ஊதாத ட்ரம்பெட்

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே ஒரு பேண்டு செட்காரர் உட்கார்ந்திருந்தார். ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு, மடியில் ட்ரம்பெட். ஊதாமலேயே அதன் மூன்று பொத்தான்களையும் அழுத்திக்கொண்டு வந்தார். அந்த டக் டக் வேறு என் எரிச்சலைக் கிளப்பியது.

நான் போனில் நண்பனிடம் கத்திக்கொண்டிருந்தேன். "மூணு ஞாயித்துக்கிழமை போச்சுடா! லினக்ஸ் கம்ப்யூட்டர்ல மியூசிக் கீபோர்டை மாட்டியாச்சு. எந்தக் கட்டைய அழுத்தினாலும் ஸ்கிரீன்ல கரெக்டா காட்டுது. மிடி சிக்னல் போகுது, சத்தம்தான் வரமாட்டேங்குது."

போனை வைத்ததும் அவர் கேட்டார். "அமுக்கறதெல்லாம் சரிதான் சார். ஊதறதுக்கு யார்னா கீறாங்களா?"

"இது கம்ப்யூட்டர் விஷயங்க. உங்களுக்குப் புரியாது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சென்னீர்குப்பத்தில் இறங்கும்வரை பொத்தான்களை அழுத்திக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். எந்தக் கட்டையை அழுத்தினோம் என்பதை மட்டும்தான் மிடி சொல்லுமாம். அதைச் சத்தமாக்க சிந்தசைசர் என்று தனி மென்பொருள் வேண்டுமாம். நான் அதைப் போடவே இல்லை. போட்டதும் முதல் கட்டையிலேயே சத்தம் வந்துவிட்டது.

"எப்படிங்க சரி பண்ணீங்க?" என்றாள் மனைவி.

"கம்ப்யூட்டர் விஷயம், உனக்குப்..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டேன்.