அம்மை போன சீமை

நெற்றியோடு அழுத்திப் பிடித்தால் அதன் வெல்வெட்டு ஓரம் முதலில் குளிரும், பிறகு என் வியர்வை ஊறி, பாச்சை உருண்டையும் பழைய மரமும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு கண்ணாடிகள், எதிரே கம்பியில் செருகிய அட்டையில் ஒரே மாதிரி இரண்டு படங்கள். அட்டையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினால் இரண்டும் ஒன்றாகி, படத்திலுள்ள மலை நிஜ மலையாகவே எழுந்து நிற்கும். கொட்டாரம் ஊரில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்கு "சீமைக்குழல்" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அதை எனக்குத் தந்தது மிஷன் பங்களாத் துரைசாணி. அவர்கள் குடும்பத்தோடு சீமைக்குப் புறப்பட்டபோது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் அம்மையையும் ஆயாவாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பா இறந்தபின் வேறு வழியில்லை என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். வண்டி கிளம்புமுன் துரைசாணி குழலும் அட்டைகளும் இருந்த பெட்டியை என் மடியில் வைத்து, இதற்குள் ஐரோப்பாக் கண்டமே இருக்கிறது, அம்மா போகிற இடத்தையெல்லாம் நீயும் பார்க்கலாம் என்று தேற்றினார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஏழு வயதுப் பிள்ளையான நானோ, அம்மை அந்த அட்டைகளில் எங்கோ இருக்கிறாள் என்று நம்பிவிட்டேன்.

அன்று முதல், அம்மையின் அக்காளான பெரியம்மை வீட்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்து, அந்தக் கண்டம் முழுவதும் அவளைத் தேடி அலைந்தேன். தெருவிருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் கிடக்க, வீட்டு வாசலுக்கு வாசல் ஜனங்கள் வள்ளத்தில் போகிற பட்டணம், புகை கக்கும் மலை, சாரட்டுகள் நெருக்கியடிக்கும் பெரிய பாலம் என்று எங்கும் ஒரு வெள்ளைச் சேலையைத் தேடினேன். கயிற்றால் பிணைத்துக்கொண்டு பனிமலை ஏறுகிறவர்களில் கடைசி ஆள் அம்மையைப் போலக் குட்டையாகத் தெரிந்தது. அம்மைக்குக் காலில் செருப்புகூட இல்லையே என்று நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏட்டி, ஒங்கம்மையக் கண்டியா? கையக் காட்டுனாளா?" என்று பெரியம்மை மகள் சிரிப்பாள்.

"சும்ம கெட பிள்ளே, அது பாத்துட்டுப் போட்டு" என்று அவளை அடக்கிவிட்டு, பெரியம்மை உலையில் அரிசி இடுமுன் வேதக்கோவிலுக்கென்று ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள். எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் "பிடியரிசி" உண்டு. பெரியம்மை மட்டும் இன்னொரு பிடியும் எடுத்து, "இது தூரத்துல இருக்கவ பேருக்கு" என்பாள். அந்த இரண்டாவது பிடி கலயத்தில் விழும் சத்தத்தைக் கேட்காமல் நான் அங்கிருந்து எழுந்ததில்லை.

வருஷத்துக்கொரு முறை வரும் கன்னிப்பூ நெல்லறுப்பு இரண்டு கழிந்து அம்மை வந்தாள். மெலிந்து, வெளுத்து, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினாள். நான் அவளிடம் ஓடவில்லை, உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன்.

"அம்மா, நீ இந்தப் பாலத்துலதான நின்ன?"

அவள் குழலைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பாலத்தை, பனிமலையை, தண்ணீர்ப் பட்டணத்தை.

"இதெல்லாம் எங்க மக்கா இருக்கு? நான் கண்டது ஒரு மாடி அறையும், சன்னலுக்கு எதிர ஒரு செவுரும்லா. பிள்ள ஒறங்குனா துணி தொவைக்கணும். நீயாவது பாத்தியே" என்றாள்.

பக்கத்தில் அவள் தோள் என்மேல் இடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த இரண்டு வருஷத்தில் இல்லாத தனிமை அப்போதுதான் என்னைப் பிடித்தது. நான் தேடிய இடம் ஒன்றிலும் அவள் ஒரு நாளும் இருந்ததில்லை.

இத்தனை வருஷம் கழிந்து, அந்தக் குழலின் ஒரு கண்ணாடி உடைந்து கிடக்கிறது. அட்டைகளில் பூசணம் ஏறி, பனிமலை எது வானம் எது என்று தெரியவில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், இப்போதுதான் நடக்கிறாள். திருவனந்தபுரத்தில் ஆசிரியைப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. போ என்று என் கணவர் சொல்கிறார். அம்மையும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். என் படம் ஒன்றைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா என்றுகூட நினைத்தேன், பிறகு அந்த நினைப்பே பயமாயிருந்தது.

இன்று காலை அம்மை உலை வைத்துவிட்டு, பிடியரிசியைக் கலயத்தில் போட்டபின், கையை மறுபடி அரிசிப் பானைக்குள் விட்டபடியே என்னைப் பார்த்தாள்.

"அடுத்த மாசத்துலேருந்து ஒன் பேருக்கும் ஒரு பிடி போடணுமா, மக்கா?"

"வேண்டாம்மா, நான் இஞ்சதான இருப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த அரிசியை உலையிலேயே போட்டாள். நான் சொன்னது சரிதானா என்று, சோறு வெந்து வடித்த பிறகும் எனக்குத் தெரியவில்லை.